இடது பக்கத்து கிட்டார்க்காரன்

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு டமாரம் ஒரு பெருமூச்சு விட்டார். மூணு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்த மூச்சு அது. அதை விட்ட பிறகுதான் மனுஷன் முகத்தில் ரத்தமே ஓடியது. எதற்காக அடைத்தது, எப்படி வெளியே வந்தது என்பதுதான் கதை. அதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் டமாரம். கை சும்மா இருக்காது. லிஃப்ட் கதவு, கருவிப் பெட்டி, டீ டம்ளர், பக்கத்தில் நிற்கிறவன் முதுகு என்று எது கிடைத்தாலும் தாளம் போடுவார். அதுவும் சாதாரணத் தாளமா, இடி விழுகிற தாளம். யாரோ எரிச்சலில் வைத்த பெயர் இருபத்தாறு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுத்தாலே "டமாரம் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலை, லிஃப்ட் ரிப்பேர். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரும் லேப்டாப்புமாகப் போய் இறங்குவார்கள். இவர் முதலில் காதைக் கொண்டுபோவார். மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். நமக்கு அங்கே ஒரே இரைச்சலாக இருக்கும். அவருக்கு ஐந்து பேர் தனித்தனியாகப் பேசுவது கேட்கும். மோட்டார் ஒன்று சொல்லும், பிரேக் ஒன்று சொல்லும், கம்பிக்கயிறு ஒன்று, பேரிங் ஒன்று, மூலையில் சுற்றும் மின்விசிறி ஒன்று. "பேரிங் போகப்போகுது. ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். ரெண்டு மாசம் தாங்கும். மூணாவது மாசம் போய்விடும்.

இந்தக் காது அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. அதைப் பழக்கிக் கொடுத்தது ஹெவி மெட்டல் பாட்டு. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பத்தொன்பது வயசில், லிஃப்ட் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த புதிதில், பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு இசைத்தட்டு கண்ணில் பட்டது. அட்டையில் பெரிய பல்சக்கரம், அதில் சுற்றிய இரும்புச் சங்கிலி, பின்னால் புகை. மேலே ஆங்கிலத்தில் முள்ளு முள்ளாக என்னவோ எழுதியிருந்தது. நம் ஆளுக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. பல்சக்கரத்தையும் சங்கிலியையும் பார்த்ததும், யாரோ பெரிய இன்ஜினியர் தொழில் பாடம் பேசிப் பதிவு செய்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினார். அங்கேதான் பிளேயர் இருந்தது. நோட்டும் பென்சிலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குறிப்பு எடுக்கத் தயாராக, ஊசியைத் தட்டின் மேல் வைத்தார்.

முதல் அடி விழுந்தது. பென்சில் கீழே விழுந்தது. அன்றைக்கு நோட்டில் ஓர் எழுத்தும் ஏறவில்லை. மாமா உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்னடா உடைச்ச?" என்று கேட்டது மட்டும் அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதில் கிட்டார்க்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தன் வலது பக்கம், ஒருத்தன் இடது பக்கம். வலது பக்கத்துக்காரன் மூட்டை தூக்குகிறவன் மாதிரி. டுகு டுகு டுகு என்று பாரத்தை இழுத்துக்கொண்டே போவான், அலுத்துக்கொள்ள மாட்டான். இடது பக்கத்துக்காரனும் கொஞ்ச நேரம் கூடச் சேர்ந்து இழுப்பான். மூணாவது பாட்டின் நடுவில் திடீரென்று என்ன தோன்றுமோ, பாரத்தை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி, ஈ...ங் என்று அழ ஆரம்பித்துவிடுவான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் வலது பக்கத்துக்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் பாரத்தையும் ஒண்டியாக இழுப்பான். அப்புறம் இவன் இறங்கி வந்து மறுபடியும் தோள் கொடுப்பான். அந்த இடம் வரும்போதெல்லாம் டமாரத்துக்கு மயிர்க்கூச்செறியும். பத்தொன்பது வயசிலும் சரி, இந்த நாற்பத்தொன்பதிலும் சரி.

அதற்குப் பிறகு அவர் சேர்த்த தட்டுகள் நூற்றுப் பதினெட்டு. ஒன்றுக்கும் பெயர் சொல்லத் தெரியாது, எல்லாம் அட்டையைப் பார்த்து அவரே வைத்த பெயர்கள். முதலில் வாங்கியது 'சங்கிலி'. அப்புறம் 'பனிமலை' என்று ஒன்று. அதில் எல்லாமே மெதுவாக நடக்கும். டிரம் அடிக்கிறவன் ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தாமதமாகப் போடுவான், கேட்கிறவன் விழப்போகிறோம் என்று பயந்த பிறகு வந்து தாங்குவான். "அவசரமே படாத கோபம்யா அது" என்பார் டமாரம். 'ஒற்றைக்கண் நரி' என்று ஒன்று, மொத்தமே முப்பத்து மூணு நிமிஷம், ஒரு வினாடி வீண் கிடையாது, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். 'வெறும் கறுப்பு' என்று இன்னொன்று. அதில் இரண்டாவது பக்கத்தின் ஆரம்பத்தில் டிரம் இல்லாமல், கத்தல் இல்லாமல், ஒரே ஒரு கிட்டார் ஒன்றரை நிமிஷம் மெல்லப் பேசும். அது முடிந்து எல்லோரும் ஒன்றாக வந்து விழும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றரை நிமிஷம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சத்தம்தான் என்பது அவர் கட்சி.

"எல்லாரும் சத்தம்னு சொல்றாங்க. நாலு பேர் அவனவன் வேலையை ஒழுங்கா செய்யறான், அவ்வளவுதான்" என்று கூட வேலை செய்யும் நெட்டையிடம் பலமுறை விளக்கியிருக்கிறார். நெட்டை நல்லவன். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான்.

கல்யாணமான புதிதில் 'சங்கிலி'யைப் போட்டு மனைவிக்குப் பெருமையாகக் காட்டினார். அப்போது வீட்டில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, "அலமாரி யார் மேலயாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார். அன்றைக்கே ஒப்பந்தம் ஆகிவிட்டது. பாட்டு கேட்கலாம், சத்தம் வெளியே வரக்கூடாது. ஸ்பீக்கர்களில் ஒன்றின் மேல் பூந்தொட்டி ஏறியது, இன்னொன்றின் மேல் இஸ்திரி போடாத துணி ஏறியது. டமாரம் ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டார்.

சத்தம் வெளியே வரவில்லைதான். ஆனால் டமாரம் வெளியே வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் தான் பாடுவது தனக்கே தெரியாது. இடது பக்கத்துக்காரனோடு சேர்ந்து ஈ...ங் என்று சுருதி இல்லாமல் இழுப்பார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, அதன் பின்காலைத் தரையில் டொக் டொக்கென்று அடிப்பார். மனைவி சமையல் அறையிலிருந்து கத்துவாள், "ஏங்க, யாரையாவது அறுக்கறீங்களா? இப்படியே கேட்டுக்கிட்டு இருங்க, ஒருநாள் காது டமாரச் செவிடா போகப்போகுது. அன்னிக்கு நான் சொன்னது ஞாபகம் வரும்!" இது இருபத்திரண்டு வருஷமாக வாரத்துக்கு நாலு தடவை நடந்தது.

ஹெட்போன் விஷயத்தில் அவருக்கு ஒரு நியமம் உண்டு. இடதை இடது காதில்தான் மாட்டுவார். தவறிப்போய்க்கூட மாற்றி மாட்ட மாட்டார். "மேடையில அவன் நிக்கிற இடத்துல அவன் நிக்கணும். மாத்திப் போட்டா, ஒருத்தனை வீட்டை விட்டுத் துரத்துன மாதிரி" என்பார். குறி அழிந்துபோனபோது இடது பக்கத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றைச் சுற்றி வைத்தார். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். மனுஷனை மூணு வாரம் படுத்தி எடுத்ததும் அந்த நியமம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'சங்கிலி'யைப் போட்டார். மூணாவது பாட்டு வந்தது. வலது பக்கத்துக்காரன் பாரத்தை இழுத்துக்கொண்டு போனான். இடது பக்கத்துக்காரன் எங்கேயோ பக்கத்துத் தெருவில் அழுகிற மாதிரி மங்கலாகக் கேட்டது. தட்டைத் துடைத்தார். ஊசியைத் துடைத்தார். 'நரி'யைப் போட்டார், 'பனிமலை'யைப் போட்டார். எல்லாவற்றிலும் இடது பக்கம் மங்கல். நாலு நாள் கழித்து அதுவும் போய்விட்டது. இடது பக்கத்தில் ஆளே இல்லை.

ஊர் லிஃப்டையெல்லாம் கழற்றி மாட்டுகிற ஆள், ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தால் ஒரு வினாடியில் விஷயம் தெரிந்துவிடும். நியமம் விடுமா? அந்த யோசனையே அவருக்கு வரவில்லை. வந்த யோசனை ஒன்றே ஒன்றுதான். 'போச்சு. காது போச்சு. அவ சொன்ன மாதிரியே போச்சு.'

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்துப் பார்த்தார். டிக்டிக் இல்லை. நெஞ்சு பதறிவிட்டது. அது முள்ளே இல்லாத டிஜிட்டல் கடிகாரம், எந்தக் காதில் வைத்தாலும் டிக்டிக் கிடையாது. வலது காதிலும் ஒரு தடவை வைத்துப் பார்ப்போமே என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அன்றிலிருந்து போனை வலது காதில் வைத்தார். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். மனைவி இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டு இவர் திரும்பாமல் போனால், பார், கேட்கவில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். மனைவி கூப்பிட்டுத் திரும்பாதது இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என்பது மறந்துபோனது.

வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வரும். அது வந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பாட்டுகள்தான் காதைக் கெடுத்தன என்று ஆகிவிடுமே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷமாகத் தனக்குக் காதைக் கொடுத்தவர்களே அதைப் பிடுங்கிக்கொண்டார்களா? தட்டுகள் அடுக்கிய அலமாரியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. திட்டவும் மனசு வரவில்லை.

இது போதாதென்று ஆபீசில் ஒரு புது உத்தரவு வந்தது. லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் எல்லோரும் காது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெட்டை முதல் ஆளாகப் போய்வந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. சின்ன ரூம்ல உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டறாங்க. பீப்னு கேட்டா பட்டனை அமுக்கணும். உங்களுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டு பாஸ்."

டமாரம் முதல் தடவை வயிற்றுவலி என்றார். இரண்டாவது தடவை ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஓடினார், அங்கே ஒரு லிஃப்டும் நிற்கவில்லை. மூணாவது தடவை சூப்பர்வைசரே கூப்பிட்டார். அவர் டமாரத்தைவிடப் பத்து வயசு சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"உங்க பேர் ஒண்ணுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி. அன்னிக்கும் வரலைன்னா, நான் உங்களைக் கிணத்துக்குள்ள அனுப்ப முடியாது. போன்ல புகார் எழுதிக்கிற வேலைதான் கொடுக்கணும். எனக்கே அது பிடிக்கலை, சொல்லிட்டேன்."

"வந்துடறேன் சார்" என்றார் டமாரம், வலது காதைத் திருப்பிக்கொண்டு.

அந்த வாரம் புதன்கிழமை ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் வேலை. நெட்டை லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியிருந்தான். டமாரம் தரைத்தளத்துக் கதவருகே நின்று, லிஃப்டை இஞ்ச் இஞ்சாக இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. நெட்டை கீழேயிருந்து "நிறுத்துங்க!" என்று கத்தினான். டமாரத்துக்கு அது உறைப்பதற்குள் ஒரு வினாடி போய்விட்டது. நெட்டை தானே குழிக்குள் இருந்த சிவப்பு பட்டனை அமுக்கி லிஃப்டை நிறுத்திவிட்டான். அவன் தலைக்கு மேல் இன்னும் நாலடி இடம் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை.

"என்னண்ணே, கேக்கலையா?"

"பம்ப் சத்தம்டா" என்றார் டமாரம்.

உண்மையும் அதுதான். பம்ப் ஓடினால் யாருக்கும் கேட்காது. ஆனால் தான் சொன்ன உண்மையைத் தானே நம்பாத நிலையில் இருந்தார் மனுஷன். நெட்டைக்கு இரண்டு குழந்தைகள். அந்த நாலடி மூணடி ஆகி, மூணடி ஒண்ணுமில்லாமல் ஆகியிருந்தால்? அன்று முழுக்க எதிலும் தாளம் போடவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சூப்பர்வைசரிடம் தானே சொல்லிவிடுவது. பரிசோதனைகூட வேண்டாம். 'சார், காது போச்சு. என்னை இறக்காதீங்க.' அதைச் சொல்லிவிட்டால் வேலை போகாது, ஆனால் மோட்டார் அறைக்குள் கண்ணை மூடி நிற்கிற அந்த ஒரு நிமிஷம் போய்விடும். போகட்டும். நெட்டையின் உயிர் பெரிது.

வியாழக்கிழமை அவருக்கு அரை நாள் வேலை. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கடைசியாக ஒரு தடவை 'சங்கிலி'யைக் கேட்டுவிட்டு, தட்டுகளையெல்லாம் பெட்டியில் கட்டிவிடலாம் என்று நினைத்தார். ஹெட்போனை மாட்டி, சிவப்பு டேப் இடது பக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஊசியை வைத்தார். பாடவில்லை. நாற்காலி அசையவில்லை. மூணாவது பாட்டில் வலது பக்கத்துக்காரன் ஒண்டியாகப் பாரத்தை இழுத்துக்கொண்டு போனான். இடது பக்கத்தில் வெறுமை. டமாரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு மனைவிக்கு விடுமுறை என்பதை அவர் மறந்துவிட்டார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்து "இதுல தெளிவா? இதுலயா?" என்று கேட்கிற வேலை. கடைக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. கதவோரம் நின்று இவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே வந்து ஊசியைத் தூக்கி வைத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"தூசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மூணு வாரமா வீடு வீடாவே இல்ல. பாடறதில்ல, நாற்காலியை உடைக்கறதில்ல, டம்ளரைத் தட்டறதில்ல. எனக்கு அடுப்படியில பயமா இருக்கு. டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா? எங்கிட்ட மறைக்கறீங்களா?"

அவள் குரல் உடைந்ததும் டமாரமும் உடைந்துவிட்டார். காது, கடிகாரம், வயிற்றுவலிப் பொய், குழிக்குள் நெட்டை, எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "நீ சொன்ன மாதிரியே போச்சு. இப்ப திட்டிக்கோ" என்றார்.

அவள் திட்டவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம், "எங்க, நீங்க அழற அந்தப் பாட்டைப் போடுங்க. என்னதான் இருக்கு அதுலன்னு நானும் பாக்கறேன்" என்று ஹெட்போனை அவர் கழுத்திலிருந்து எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

டமாரம் ஊசியை மூணாவது பாட்டில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். கண்ணை இறுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுளிப்பு குறைந்தது, தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரும் கத்துகிற மாதிரி அவளும் கத்திச் சொன்னாள்.

"ஒருத்தன் டுகு டுகுங்கறான்! இன்னொருத்தன் எங்க? நீங்க ஈ...ங்னு இழுப்பீங்களே, அவன் இந்நேரம் வரணுமே! காணோமே!"

டமாரம் வாயைப் பிளந்தார். "அது... அது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன கேக்கறீங்க? காதுல விழலை! இருங்க, இந்த வலது காதுப் பக்கம் செத்துக் கிடக்கு! ஒண்ணுமே வரலை!"

டமாரம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அடப் பாவமே! உனக்கும் போச்சா? உனக்கு வலது காதா?"

நிஜமாகவே அப்படித்தான் கேட்டார். பயம் பிடித்தவன் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும். பதறிப்போய் அவள் வலது காதைப் பார்க்கக் குனிந்தவர், அங்கே சிவப்பு டேப்பைப் பார்த்தார்.

"ஏய், திருப்பிப் போட்டிருக்க! அது இடது பக்கம்! மாத்து, மாத்து!" என்று கையை நீட்டியவர், நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

சிவப்பு டேப் அவள் வலது காதில் இருக்கிறது. அவளுக்கு வலது காது செத்துக் கிடக்கிறது. தன் இடது காதில் இருந்தபோது தனக்கு இடது காது செத்துக் கிடந்தது. செத்துக் கிடப்பது காது இல்லை, சிவப்பு டேப்.

கை தானாகக் கீழே போய் வயரைப் பிடித்தது. இனி அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஹெட்போனிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். தரையில், நாற்காலியின் பின்கால் நிற்கிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. வயர் அங்கே தட்டையாக நசுங்கிக் கிடந்தது. இடது பக்கத்துக்காரனோடு சேர்ந்து டொக் டொக்கென்று நாற்காலிக் காலை அடித்தாரே, வருஷக்கணக்கில் அவ்வளவு அடியும் அந்த வயர் மேல்தான் விழுந்திருக்கிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி இழையும் மூணு வாரத்துக்கு முன்னால் போயிருக்கிறது. அவனைத் துரத்தியது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

டமாரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் விட்டார் அந்தப் பெருமூச்சை. மணி நாலரை. மூச்சு வெளியே வந்ததும் பின்னாலேயே சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னால் அழுகை வந்தது, அப்புறம் எது எதுவென்று தெரியவில்லை. மனைவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்ன, என்ன?" என்று கேட்டாள். சொன்னார். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எங்க கடைக்கும் வருவாங்க இப்படி. கண்ணாடியை ஆறு மாசமா துடைச்சிருக்க மாட்டாங்க, கண்ணு போச்சுன்னு அழுதுக்கிட்டு வருவாங்க. நான் முதல்ல கண்ணாடியை வாங்கித் துடைப்பேன். பாதிப் பேருக்குப் பார்வை வந்துடும். ஊர் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க, வீட்டு வயரைப் பாக்க மாட்டீங்களா? உங்களை என்ன சொல்றது!"

"திட்டு, திட்டு. நல்லாக் கேக்குது" என்றார் டமாரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கருவிப் பெட்டி வந்தது. நசுங்கிய இடத்தை வெட்டி, முனைகளைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே டேப் சுற்ற அவருக்கு ஆறு நிமிஷம் ஆனது. தாளம் போட்டுக்கொண்டேதான் செய்தார். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, ஈயம் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார். சின்ன அறை, ஹெட்போன், பீப். இடதில் பீப், வலதில் பீப், எறும்பு தும்முகிற மாதிரி ஒரு பீப், ஒன்றையும் விடவில்லை. பரிசோதித்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு சார். காதை எப்படிப் பாத்துக்கறீங்க?" என்று கேட்டாள். டமாரம் ஹெவி மெட்டல் என்று சொல்லவில்லை, அந்தப் பெண் தப்பாக எழுதிக்கொள்வாள் என்று விட்டுவிட்டார். சூப்பர்வைசர் அவர் பெயருக்கு நேராக டிக் போட்டு, "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னார். நெட்டையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். "பம்ப் சத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் நெட்டை, ஒன்றும் புரியாமல். அன்றிலிருந்து பம்ப் ஓடுகிற இடத்தில் குழிக்குள் இறங்குவதென்றால், முதலில் பம்பை நிறுத்திவிட்டுத்தான் லிஃப்டைத் தொடுகிறார்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். வயரைப் பற்றவைத்து முடித்ததும், டமாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'சங்கிலி'யை முதலிலிருந்து போட்டார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூணாவது பாட்டின் நடுவில், வரவேண்டிய நேரத்தில், வரவேண்டிய பக்கத்தில், அவன் வந்தான். ஒன்றுமே நடக்காதவன் மாதிரி வந்து ஈ...ங் என்று ஏறினான். டமாரம் அவனோடு சேர்ந்து பாடவில்லை. சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நெஞ்சு நிறைந்துவிட்டது.

மனைவி அவர் தோளைத் தட்டி, "வந்துட்டானா?" என்று சைகையில் கேட்டாள். தலையை ஆட்டினார். "எங்க, குடுங்க" என்று கையை நீட்டினாள்.

கொடுத்தார். சிவப்பு டேப்பை அவள் இடது காதில் தானே சரிபார்த்து வைத்துவிட்டு, ஊசியை மறுபடியும் மூணாவது பாட்டில் இறக்கினார். அவள் ஸ்டூல் அவருக்கு இடது பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த இடம் வந்ததும் அவள் புருவம் உயர்ந்தது, உதடு விரிந்தது. அப்புறம், தான் பாடுவது தனக்கே தெரியாமல், இருபத்திரண்டு வருஷமாக அடுப்படியில் நின்று எப்படிக் கேட்டிருந்தாளோ அச்சு அசலாக அப்படியே, அவர் சுருதி தவறுகிற இடத்தில் தானும் தவறி, அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் வாங்கி, ஈ...ங் என்று இழுத்தாள்.

இடது பக்கம்தான். ஒரு பிசிறு இல்லாமல் கேட்டது. டமாரம் வயரிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அதன் கையில் விரலால் டுகு டுகு டுகு என்று வலது பக்கத்துக்காரனின் பாரத்தை இழுக்க ஆரம்பித்தார்.